காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடல் விழாவில், பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும் உங்களைத் தூங்க விடாமல் வைத்திருப்பது சுலபமான வேலை அல்ல. அதனால் தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "நீ கம்ப்யூட்டர் சர்வீஸ்தானே பண்றே, அதுல எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது சொல்லேன்" என்றார். எல்லோருக்கும் பொதுவான தொல்லை எது என்று யோசித்தேன். உடனே நினைவுக்கு வந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஏற்றிய ஒரு சாஃப்ட்வேர், வேண்டாம் என்று நீக்கினால் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பது.

வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வரும்போது சாஃப்ட்வேரும் நல்ல குடித்தனக்காரர் மாதிரி சிரித்த முகத்தோடுதான் வரும். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று நாமும் சாவியைக் கொடுத்துவிடுவோம். காலி பண்ணச் சொல்லும்போதுதான் சுயரூபம் தெரியும்.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. நாங்கள் படிக்கும்போது இந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை அந்த அறைக்குத்தான் இருந்தது. அப்போது டாஸ். ஒரு நிரல் என்றால் ஒரு டைரக்டரி. வேண்டாமென்றால் அந்த டைரக்டரியை அழித்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. 1993-ல் வந்த எம்.எஸ். டாஸ் 6-ல் 'டெல்ட்ரீ' என்று ஒரு கட்டளையே கொடுத்தார்கள். கிளைகளோடு சேர்த்து மரத்தையே சாய்த்துவிடும்.

விண்டோஸ் வந்த பிறகு கதை மாறியது. சாஃப்ட்வேர்கள் தம் சொந்த அறையில் மட்டும் இருக்கவில்லை. கொஞ்சம் சாமானைப் பொது அறையில் வைத்தன. டி.எல்.எல். என்று சொல்கிறோமே, அவை பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பாத்திரங்கள். ஒருவர் காலி செய்யும்போது பொதுப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்து வீட்டில் சமையல் நின்றுவிடும். விட்டுவிட்டுப் போனால் குப்பை சேரும். அதற்குத்தான் 1995-ல் வந்த விண்டோஸ் 95, 'ஆட் ரிமூவ் புரோகிராம்ஸ்' என்ற வசதியைக் கொடுத்தது. எந்த நிரல் என்னென்ன அமைப்புகளை வைத்திருக்கிறது என்று எழுதிவைக்க 'ரெஜிஸ்ட்ரி' என்ற பெரிய பேரேடு ஒன்றும் அதில் முக்கிய இடத்துக்கு வந்தது. அந்தப் பேரேட்டில் 'அன்இன்ஸ்டால்' என்ற பெயரிலேயே ஒரு கிளை உண்டு. நீங்கள் திரையில் பார்க்கும் சாஃப்ட்வேர் பட்டியல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீங்கள் 'அன்இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தினால், பொதுவாக விண்டோஸ் தானே போய் எதையும் நீக்குவதில்லை. அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவர் கொடுத்திருக்கும் நீக்கும் நிரலைக் கூப்பிட்டு, "கொஞ்சம் காலி பண்ணுங்க" என்று சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நீக்கும் நிரல் காணாமல் போயிருந்தாலோ, கெட்டுப் போயிருந்தாலோ, மனசில்லாமல் எழுதப்பட்டிருந்தாலோ காரியம் நடக்காது. குடித்தனக்காரரே பெட்டி கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பாதித் தொல்லைக்குக் காரணம் இதுதான்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இதை இந்த மேடையில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

2006-ஆம் ஆண்டு. நம் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் தலைமுறைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அவர் வாங்கிய கம்ப்யூட்டரோடு சேர்ந்து ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் வந்திருந்தது. இலவசக் காலம் முடிந்து, "பணம் கட்டு, பணம் கட்டு" என்று தினமும் கடன்காரன் மாதிரி திரையில் வந்து நின்றது. நீக்கப் போனால் பாதியில் பிழைச்செய்தி. கோப்புறையை அழிக்கப் போனால், "வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, அழிக்க முடியாது" என்றது.

ஒரு மணி நேரம் முட்டி மோதினேன். அன்று சாயங்காலம் வேறு இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. எரிச்சல். "சார், ஃபார்மேட் பண்ணிடலாம். புதுசு மாதிரி ஆயிடும். முக்கியமா ஏதாவது இருக்கா?" என்றேன். "மை டாகுமென்ட்ஸ்ல இருக்கும்ப்பா, அதை எடுத்து வச்சுக்கோ" என்றார். எடுத்து வைத்துக்கொண்டேன். டிஸ்க்கைத் துடைத்தேன், விண்டோஸை மறுபடி ஏற்றினேன், எடுத்து வைத்ததைத் திருப்பிப் போட்டேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்பும் நேரத்தில் சார் கூப்பிட்டார். "என்னப்பா, செடியெல்லாம் எங்கே?"

அப்போதெல்லாம் தமிழில் தட்டச்சு செய்யத் தனித் தனி மென்பொருள்கள் இருந்தன என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு, ஒரு விசைப்பலகை முறை. சார் பயன்படுத்தியது, தான் சேமிக்கும் கோப்புகளைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வகை. மை டாகுமென்ட்ஸில் இருந்தவை ஆங்கிலக் கடிதங்கள். நம் வட்டாரத்துச் செடிகொடிகளுக்கு ஊர்ஊராகப் போய், கிழவிகளிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்டு, 11 ஆண்டுகள் அவர் சேர்த்த பெயர்களும் குறிப்புகளும் நான் துடைத்த இடத்தில் இருந்தன.

மீட்புக் கருவிகளை வைத்து மூன்று இரவு போராடினேன். புது விண்டோஸ் ஏறிய இடம் எல்லாம் போனது போனதுதான். கொஞ்சம் துண்டு துண்டாகக் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடு, கையாலதானே எழுதினேன், மறுபடி எழுதிக்கலாம்" என்றார். 67 வயது அவருக்கு. நோட்டுப் புத்தகத்தில் மறுபடி எழுதவும் ஆரம்பித்தார். பாதிக்கு மேல் முடிக்கவில்லை. நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்.

அந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை ஃபார்மேட் செய்யாமலே நீக்கியிருக்க முடியும். எனக்குத்தான் அப்போது பொறுமை இல்லை. அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதை மாற்றுவதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிரதி. நீக்கும் வேலை எதுவாக இருந்தாலும், தரவுகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். "முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த எந்த நிரலில் வேலை செய்வீங்க, அதைத் திறந்து கடைசியா செய்ததைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள். அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுசாக அணைவதில்லை, உறங்கப் போகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அடியோடு புதிதாகத் தொடங்கும். அதுமட்டுமல்ல, இப்போது அழிக்க முடியாத கோப்புகளை, "அடுத்த முறை தொடங்கும்போது அழி" என்று பட்டியல் எழுதிவைக்கும் வழக்கம் விண்டோஸுக்கு உண்டு. ரீஸ்டார்ட் செய்யாதவரை அந்தப் பட்டியல் காத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, அதே சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுவது. நீக்கச் சொன்னால் ஏற்றச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். முள்ளை முள்ளால் எடுப்பது இது. நீக்கும் நிரல் கெட்டுப்போயிருந்தால், அதே பதிப்பை அதன் மேலேயே ஏற்றினால் நீக்கும் நிரலும் சரியாகி வந்துவிடும். பிறகு முறைப்படி நீக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் கோப்புறை ஒன்று உண்டு. பல சாஃப்ட்வேர்களை நீக்குவதற்குத் தேவையான கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. இடம் அடைக்கிறது என்று அதைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு எதையும் நீக்கவும் முடியாமல், புதுப்பிக்கவும் முடியாமல் என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

நான்காவது, அதற்கென்றே உள்ள கருவிகள். நிறுவுவதிலும் நீக்குவதிலும் வரும் கோளாறுகளைச் சரி செய்ய மைக்ரோசாஃப்ட் ஒரு கருவியை இலவசமாகக் கொடுக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் விஷயம் தனி. வைரஸ் வந்து தன்னை நீக்கிவிடக் கூடாது என்பதற்காக, அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் தடுக்கிறது. அதனால் மெக்கஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் சாஃப்ட்வேரை நீக்கத் தனிக் கருவியே தருகின்றன. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை எடுங்கள்.

ஐந்தாவது, யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. 'கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது' என்றால், பயன்படுத்துவது யார்? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் தெரியாததை, 'பிராசஸ் எக்ஸ்புளோரர்' காட்டும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும். 'ஆட்டோரன்ஸ்' என்ற இன்னொன்று, கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக எழுந்து உட்காருபவை எவை என்று வரிசையாகக் காட்டும். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-ல் தொடங்கிய முயற்சியில் வளர்ந்தவை இவை. 2006-ல் மைக்ரோசாஃப்ட் அவர்கள் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. கருவிகள் இன்றும் இலவசம்தான்.

ஆறாவது, சேஃப் மோட். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். அதில் விண்டோஸ் தன் அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் எழும். அடம்பிடிக்கும் ஆசாமி பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டார். தூங்கும்போது சாமானை வெளியே வைத்துவிடலாம். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பினால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் சேஃப் மோடில் அந்தக் கோப்பை அழித்துத்தான் மீட்டார்கள். இரண்டு எச்சரிக்கை: டிஸ்க் 'பிட்லாக்கர்' பூட்டில் இருந்தால் மீட்புச் சாவி எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது இல்லையென்றால் வீட்டுக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் முறையில் ஏறிய சாஃப்ட்வேர்கள் சாதாரணமாக சேஃப் மோடில் நீங்காது, ஏனென்றால் அந்தச் சேவையும் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு முன் சொன்ன வழிகள்தான்.

ஏழாவது, கடைசியிலும் கடைசியாக, ரெஜிஸ்ட்ரி. பிரதி எடுக்காமல் அதில் கை வைக்காதீர்கள். 'ஒரே கிளிக்கில் சுத்தம்' என்று விற்கிறார்களே, அந்த ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. நீங்களும் ஆதரிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது தெரியாமல் அடம்பிடிப்பவை. தெரிந்தே போக மறுப்பவையும் உண்டு. 2005-ல் நடந்ததைச் சொல்கிறேன். சோனி பி.எம்.ஜி. நிறுவனம், பாட்டு சி.டி.க்களை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்பதற்காக, சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு மென்பொருள் ஏறிக்கொள்ளும்படி செய்திருந்தது. 52 தலைப்புகளில் இது இருந்தது. அந்த மென்பொருள் தன்னையே மறைத்துக்கொண்டது. குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. நீக்கும் வழியே கொடுக்கவில்லை. மேலே சொன்ன அதே ருசினோவிச், தன் கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடித்து 2005 அக்டோபர் 31 அன்று எழுதினார். கையால் பிடுங்கிப் போட்டபோது சி.டி. டிரைவே மறைந்துவிட்டது. ஏனென்றால் அது டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. வேரைப் பார்க்காமல் செடியைப் பிடுங்கினால் சுவர் விரியும் என்பது அதுதான். எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் இணையம் வழியாக நீக்க ஒரு வழி கொடுத்தது. அந்த வழி, எந்த இணையத்தளமும் உள்ளே புகும்படி புதிதாக ஓர் ஓட்டையைத் திறந்துவிடுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஃபெல்ட்டன் என்ற பேராசிரியரும், அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேனும் எடுத்துக் காட்டினார்கள். சோனி அந்த சி.டி.க்களைத் திரும்பப் பெற்றது.

மாணவர்களுக்காக இன்னொன்று. அதே ஹால்டர்மேன் 2003-ல் மாணவராக இருந்தபோதே, வேறொரு நிறுவனத்தின் சி.டி. பாதுகாப்பை, சி.டி. போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே தடுத்துவிடலாம் என்று எழுதினார். வழக்குப் போடுவோம் என்றார்கள். பிறகு வேண்டாமென்று பின்வாங்கினார்கள். ஒரு விசை, ஒரு மாணவன். கேள்வி கேட்கத் தெரிந்திருந்தால் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி நீங்க மறுத்தால், அதற்கு 'டிவைஸ் அட்மின்' அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களா என்று அமைப்புகளில் பாருங்கள். அதை முதலில் பறித்தால்தான் நீக்கலாம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது சொல்லி, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியை ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். ஏற்றிப் பணம் போய்விட்டால் செயலியை நீக்குவதோடு நிற்காமல், முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் காசு.

அப்படியானால் ஃபார்மேட் செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். செய்ய வேண்டிய நேரம் உண்டு. கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்ட ஒன்று ஆழமாக வேர் விட்டிருந்தால், முழுவதும் நீங்கியதா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்போது துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் சரி. ஆனால் அதைக் கடைசியில் செய்ய வேண்டும், பிரதி எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகு செய்ய வேண்டும். நமக்கு அவசரம் என்பதற்காகச் செய்யக் கூடாது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். சார் எழுதிய நோட்டுப் புத்தகங்களை அவருடைய துணைவியார் நம் தாவரவியல் துறைக்கே கொடுத்திருக்கிறார். நான் மீட்ட துண்டுகளும் அங்கே இருக்கின்றன. இனிவரும் மாதங்களில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் நான் இங்கே வருகிறேன். மாணவர்கள் தங்கள் பழுதான கம்ப்யூட்டரைக் கொண்டு வரலாம், கட்டணம் கிடையாது. பதிலுக்கு ஆளுக்கு நாலு பக்கம் அந்த நோட்டிலிருந்து யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள். விடுபட்ட செடிகளின் பெயர்களை உங்கள் ஊரில் பாட்டிகளிடம் கேட்டு எழுதி வாருங்கள். மூன்று இடத்தில் பிரதி வைப்பது என் பொறுப்பு.